அகத்தியர் மலையின் காணி மக்கள்

திருவனந்தபுரத்து வலியசாலை என்றதும், வரலாறு கற்றோர் காந்தளூர்ச் சாலையையும் முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியையும் நினைவு கூர்வர். நெடுங்காலமாகத் தமிழர் குடியிருந்து வரும் அப்பகுதியின் பெருமை அது. ஆனால் அந்நகருக்குக் குடிநீர் தரும் கரமனை ஆறு எங்கே பிறக்கிறது, அங்கே யார் வாழ்கின்றனர் என்று கேட்டால், விடை கூறுவோர் சிலரே. ஆறு பிறப்பது அகத்தியர் மலைத் தொடரில். அங்கே தொன்றுதொட்டு வாழ்பவர்கள் காணி மக்கள். காணிக்காரர் என்றும் அவர்களைக் கூறுவதுண்டு.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலுமாகச் சேர்த்து எண்ணினாலும் முப்பதாயிரத்தை எட்டாத சிறிய சமூகம் அது. தமிழும் மலையாளமும் கலந்த அவர்களது பேச்சுக்கு மலம்பாஷை என்று பெயர். குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி. மருந்தும் மந்திரமும் அறிந்தவர் பிலாத்தி. நோய் தீர்க்க வேண்டி அவர் இரவில் சாற்றுப்பாட்டுப் பாடுவார். கொக்கரை என்னும் இரும்புக் கருவி அப்பாட்டுக்குத் துணையாக ஒலிக்கும். தமிழ் இலக்கணத்தின் தந்தை என நாம் போற்றும் அகத்தியரை அவர்கள் தம் மலைத் தெய்வமாக வணங்குகின்றனர்.

காணி என்ற தமிழ்ச் சொல்லுக்கு வழிவழி வந்த நிலவுரிமை என்று பொருள் உண்டு. இம்மக்களின் பெயர்க் காரணம் எதுவாயினும், அவர்களது வரலாறு அந்த உரிமை சிறிது சிறிதாகக் கைநழுவிய வரலாறேயாகும். காட்டை வெட்டிப் புனம் செய்து, சில ஆண்டுகளில் வேறிடம் பெயர்ந்து, பழைய நிலத்தை மீண்டும் காடாக விடுவது அவர்களது உழவுமுறை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் 1893ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டத்தின் கீழ்க் காடுகள் காப்புக்காடுகளாயின. அதன்பின் அந்தப் பெயர்வுக்கு இடமில்லாது போயிற்று. தாம் பிறந்த காட்டிலேயே பிறர் அனுமதியுடன் வாழ்பவர்களானார்கள். 1958இல் நெய்யாற்றுச் சரணாலயமும், 1983இல் பேப்பாறைச் சரணாலயமும், தமிழ்நாட்டுப் பக்கம் 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் வந்தன. காட்டுக்கும் விலங்குக்கும் இவை நன்மையே. எனினும் ஒவ்வொன்றும் காணிக் குடியிருப்புகளைச் சுற்றி மேலும் ஒரு வேலியாயிற்று.

இதற்கிடையில் 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. கல்குளம், விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. ஒரே மலையின் காணிகள் இரு மாநிலத்தவராயினர். பிழைப்பை நாடி மாநில எல்லையைக் கடந்தவர்கள் நாம். அவர்களோ இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை வந்து அவர்களிடையே புகுந்தது. ஒரு பக்கத்துச் சிறுவன் தமிழ் எழுத்தும், மறுபக்கத்துச் சிறுவன் மலையாள எழுத்தும் கற்கலாயினர்.

உலகம் இம்மக்களைத் திரும்பிப் பார்த்தது ஒரு சிறு செடியினால். 1987 டிசம்பரில் அறிவியலறிஞர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர் குழு ஒன்று அகத்தியர் மலையில் நடந்தது. ஆய்வாளர்கள் களைத்துப் போகவும், வழிகாட்டிய காணிகள் மட்டும் ஒரு கனியைத் தின்று சோர்வின்றி நடந்தனர். அதுவே ஆரோக்கியப் பச்சை. பாலோட்டுத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதன் இலையுடன் வேறு மூன்று மூலிகைகளைக் கூட்டி ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கிற்று. 1995இல் ஓர் ஆயுர்வேத நிறுவனத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் தயாரிப்புரிமை அளிக்கப்பட்டது. இவ்வருவாயில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாகி, 1999இல் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகையைப் பெற்றது. பழங்குடியின் அறிவுக்கு உரிய பங்கு கொடுத்த முன்னோடி என்று பல நாட்டவரும் இதனைப் பாராட்டினர்.

பாராட்டுக்குரியதுதான், ஆயினும் முழுக் கதை அதுவன்று. எல்லாக் காணிகளையும் கலந்து அம்முடிவு எடுக்கப்படவில்லை. பிலாத்திகள் சிலர், எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்கலாகாது என்று 1995இலேயே எதிர்ப்புத் தெரிவித்தனர். இலையைப் பயிரிட்டு விற்க முன்வந்த குடும்பங்களுக்கோ, காப்புக்காட்டு விதிகள் குறுக்கே நின்றன. செடியின் குணத்தை உலகுக்கு உரைத்தவர்கள் அச்செடியைத் தாமாகப் பறித்து விற்க இயலவில்லை. அறிவுக்கு விலை கிடைத்தது. நிலத்துக்கு உரிமை கிடைக்கவில்லை. நிலத்தில் உரிமை இல்லாதபோது அறிவின் பயனும் கையில் தங்காது என்பதே காணிகளின் வரலாறு காட்டும் பாடம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் நிலவுரிமையையும், சிறு விளைபொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையையும் ஏற்றுக்கொண்டது. பழைய குறையைத் தீர்க்கும் கருவி சட்டத்தில் உண்டு. அது ஒவ்வொரு குடியிருப்பிலும் பட்டாவாகவும் பயனாகவும் மாறவேண்டும். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, சிறுபான்மையாக இருப்பதன் அருமையும் இடரும் தெரியும். ஆகவே நம்மிலும் சிறிய இம்மக்களின் உரிமைக் குரலைக் காது கொடுத்துக் கேட்பதும், அதனைப் பிறருக்கு எடுத்துரைப்பதும் நமக்கு இயல்பாகவே உரிய கடமையாகும்.