தினை தின்னும் கிளி

உடையார்பாளையம் பக்கம் கிளி என்றால் முதலில் திருட்டுதான் ஞாபகம் வரும். சோளமும் கம்பும் பால்பிடிக்கும் நேரத்தில் கொல்லையில் பரண் கட்டி, தகர டப்பாவைத் தட்டி விரட்டிய பறவை அது. சங்ககாலத் தினைப்புனத்துப் பெண்கள் இந்த ஒரு வேலைக்கே தட்டை, குளிர், தழல் என்று தனித்தனிக் கருவிகள் வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு அதே தினையை நாமே காசு கொடுத்து வாங்கிக் கூண்டுக்குள் போடுகிறோம். கிளிதான் வேறு.

பச்சைக்கிளியும் கூண்டும் நமக்குப் புதுசில்ல. மதுரை மீனாட்சி கோயிலில் ஒரு மண்டபத்துக்கே கிளிக்கூண்டு மண்டபம் என்றுதான் பேர். தெருவுக்குத் தெரு கிளி ஜோசியம் இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990-91-இல் இந்தியப் பறவைகளை விற்பதே தடைசெய்யப்பட்டது. இன்று பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம். வெளிநாட்டுப் பறவையான காக்கட்டீலுக்கு அந்தத் தடை இல்லை.

காக்கட்டீலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளி. மழை பெய்த இடம் தேடிக் கூட்டமாகப் பறந்து, தரையில் உதிர்ந்த புல்விதையைப் பொறுக்கும். அங்கேயும் சோளக்காட்டில் இறங்கி விவசாயியிடம் திட்டு வாங்கும். 1960-இல் அந்த நாடு தன் பறவைகளை வெளியே விற்பதை நிறுத்திவிட்டது. அதனால் நம் கடைகளில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. ‘திறந்து விட்டால் புண்ணியம்’ என்று விட்டுவிட முடியாது. இரை தேடத் தெரியாமல் பட்டினி கிடக்கும், இல்லாவிட்டால் பூனையிடம் மாட்டும்.

பறந்து திரிகிற பறவைக்குத் தினை போதும். கூண்டில் உட்கார்ந்தே தின்றால் கொழுப்பு ஈரலில் சேரும், வைட்டமின் ஏ குறையும். சூரியகாந்தி விதை இன்னும் மோசம். முருங்கைக்கீரை, துருவிய கேரட், பறவைகளுக்கான பெல்லட் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். உப்பு, சாக்லேட், அவகாடோ கூடவே கூடாது. அடுப்பில் காய்ந்துபோன நான்-ஸ்டிக் தவாவின் புகை பட்டால் சில நிமிஷத்தில் செத்துவிடும். நன்றாகக் கவனித்தால் பதினைந்து, இருபது வருஷம் இருக்கும்.

கொல்லைக் கிளி தனக்கு வேண்டியதைத் திருடித் தின்றது. இதற்கு நாம் வைப்பதுதான் சாப்பாடு. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: காக்கட்டீல் விதையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். பார்க்க நிறைந்திருப்பது போலத்தான் இருக்கும். தினமும் காலையில் ஒருதரம் ஊதிப் பாருங்கள்.