அளவீட்டுக்கு வெளியே நின்ற வடகிழக்கு: போர்ச் செலவும் வருமானப் பங்கீடும்

இலங்கையில் குடும்ப வருமானத்தின் ஜினிக் குணகம் 1990/91இல் 0.47, 1995/96இல் 0.46, 2002இல் மீண்டும் 0.47. போர் நடந்த இந்த ஆண்டுகளில் அது ஏறக்குறைய அசையாததால், படைச் செலவே சமத்துவமின்மை கூடாமல் தடுத்தது என்றொரு வாசிப்பு வேரூன்றியிருக்கிறது. தாராளமயமாக்கத்தில் நலிந்த தென்னிலங்கைக் கிராமங்களுக்குப் படைச் சம்பளம் ஈடாயிற்று என்பது அதன் சாரம். அச்சம்பளம் ஏழை வீடுகளைச் சென்றடைந்ததை மறுக்க முடியாது. ஆனால் இந்த மூன்று எண்களையும் அதற்குச் சான்றாகக் கொள்ள இயலாது என்பதே என் வாதம்.

இந்த எண்களைத் தந்த, தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வருமான, செலவின அளவீடு இம்மூன்று சுற்றுகளிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குச் செல்லவில்லை. 1981 தொகைமதிப்பின்படி நாட்டு மக்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தினர் அங்கு வாழ்ந்தனர். வயலும் படகும் இழந்து இடம்பெயர்ந்தவர்களின் வருமானச் சரிவு பங்கீட்டின் அடித்தட்டிலேயே பதிவாகியிருக்கும். அந்த அடித்தட்டே கணக்கில் இல்லை. சிப்பாய் ஊருக்கு அனுப்பிய பணமோ பதிவாயிற்று. செலவின் பயன் அளக்கப்பட்டது, அது விளைத்த அழிவு அளக்கப்படவில்லை.

மேல்தட்டிலும் இதே கோணல். பற்றாக்குறையை ஈடுகட்ட அரசு பெற்ற கடனுக்கான வட்டி, திறைசேரி முறிகளை வைத்திருந்தோர் கைக்குப் போனது. வட்டி வருமானத்தைக் குடும்ப அளவீடுகள் குறைத்தே காட்டும் என்பது துறையினர் அறிந்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய பாதுகாப்பு வரி, 2002இல் பெறுமதி சேர் வரிக்குள் அடங்கும்வரை, புரள்வின்மீது விழுந்து விலைகளில் ஏறியது. அந்தச் சுமையும் வருமான ஜினியில் தெரியாது. பணவீக்கம் 22 சதவீதத்தைத் தாண்டிய 2008இல், பெரும்பாலும் அரச முறிகளில் முடங்கியிருந்த ஊழியர் சேமலாப நிதியத்தின் வட்டி விலையேற்றத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. தொழிலாளியின் சேமிப்பு இப்படித் தேய்ந்ததைப் போர்ச் செலவின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும். எரிபொருள், உணவு விலையேற்றத்துக்கும் அதில் பங்குண்டு என்பது உண்மைதான்.

எல்லா மாவட்டங்களையும் சேர்த்த 2012/13 சுற்றில் ஜினி 0.48தானே, விடுபாடு என்ன பெரிதாக மாற்றிவிட்டது என்று கேட்கலாம். போர் ஓய்ந்து மூன்றாண்டுகளுக்குப் பின் எடுத்த அளவு, போர்க்கால நிலைக்குப் பதிலாகாது. அதே சுற்றில் தேசிய வறுமை 6.7 சதவீதம், முல்லைத்தீவில் 28.8. நாடு தழுவிய ஒற்றை எண்ணுக்குள் எவ்வளவு மறைய முடியும் என்பதற்கு இந்த இடைவெளி போதும்.

விடுபட்ட மாவட்டங்களின் வருமானத்தைத் துல்லியமாக மீட்டெடுப்பது இனி அரிது. எனினும் நிவாரணப் பதிவுகள், நெல், மீன் உற்பத்திக் கணக்குகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு கீழ், மேல் எல்லையையாவது வகுக்கலாம். அதுவரை இந்த எண்களை மேற்கோள் காட்டுவோர், ‘வடக்கு, கிழக்கு நீங்கலாக’ என்ற சொற்களை அடிக்குறிப்பில் ஒதுக்காமல் எண்ணுடன் சேர்த்தே எழுதவேண்டும்.