கோப்பை வேறு ஊரில், ஆரவாரம் தலைநகரில்: திருவனந்தபுரத்து ரசிகர்களின் இறுதி ஆட்ட நினைவுகள்

கேரள மாநிலம் பிறந்த 1956-57 பருவத்தில் சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டி திருவனந்தபுரத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் பம்பாயை 4-1 என்று வீழ்த்தி ஹைதராபாத் முதன்முறையாகக் கோப்பையைக் கொண்டுபோனது. உள்ளூர் அணிக்கு அதில் இடமில்லை. அதன் பிறகு கேரளம் ஏழு முறை அந்தக் கோப்பையை வென்றிருக்கிறது: எர்ணாகுளம் (1973), கோயம்புத்தூர் (1992), கொச்சி (1993), மும்பை (2002), டெல்லி (2005), கொல்கத்தா (2018), மஞ்சேரி (2022). ஒரு முறைகூடத் தன் தலைநகரான திருவனந்தபுரத்தில் இல்லை.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் திருவனந்தபுரத்து ரசிகர்களின் இளமை நினைவுகளை அணுக வேண்டும் என்பது என் துணிபு. கொல்கத்தா ரசிகருக்கு மைதானத்துப் படிக்கட்டு நினைவில் இருக்கும். இந்த ஊர்க்காரருக்குப் பெரும்பாலும் நினைவிலிருப்பது சேதி வந்த வழி. வானொலியோ, மறுநாள் நாளிதழோ, தொலைக்காட்சியோ, எது ஆட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்ததோ அதன் சாயலே நினைவிலும் படிந்திருக்கிறது.

இங்கே விளையாட்டை வளர்த்தவை அரண்மனையும் அரசு அலுவலகங்களும். பூஞ்ஞாரில் 1908இல் பிறந்து திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் செய்த கோதவர்ம ராஜா, அதாவது ஜி.வி. ராஜா, டென்னிஸ் கிளப், கிரிக்கெட் சங்கம், விளையாட்டுக் கவுன்சில் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டார். 1971இல் விமான விபத்தில் அவர் இறந்த பின் அவர் பெயரிலேயே கால்பந்துப் போட்டி நடந்தது. பல்கலைக்கழக மைதானம், போலீஸ் துறையின் சந்திரசேகரன் நாயர் மைதானம், டைட்டானியம் தொழிற்சாலை அணி என்று எதை எடுத்தாலும் பின்னால் ஒரு துறை நிற்கும். ரசிகர் மன்றம் நடத்தும் கிளப் என்ற வழக்கம் இங்கே வேர்விடவில்லை. அலுவலகம் ஆட்டக்காரருக்கு வேலை கொடுத்தது. ஊர் அந்த அலுவலகத்தின் அணியைத் தன் அணியாக நினைத்துக்கொண்டது.

1943இல் தொடங்கிய திருவிதாங்கூர் வானொலி, 1950இல் ஆகாசவாணியோடு இணைந்தது. அறுபது, எழுபதுகளில் பெரிய ஆட்டங்கள் வீட்டுக்கு வந்தது வர்ணனையாகத்தான். வானொலி வர்ணனைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: கோல் விழுந்தால் முதலில் கேட்பது கூட்டத்தின் இரைச்சல், யார் அடித்தார் என்பது அது அடங்கிய பிறகுதான் தெரியும். அந்த ஓரிரு நொடி, பெட்டியைச் சுற்றி நிற்பவர்களுக்கு அது நம் கோலா, எதிரணியின் கோலா என்று புரியாது. டீக்கடை வாசலில் பெரியவர்களின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனுக்கு அந்த முகங்களே ஸ்கோர்போர்டு.

1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று கேரளம் வென்றபோது மூன்று கோலையும் அடித்தவர் கேப்டன் மணி. மூன்று முறையும் ஒரே பெயர் ஒலித்ததால் அது ஒரு தலைமுறையின் நாவில் தங்கிவிட்டது. அணியின் பயிற்சியாளர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராகக் கோல் அடித்த சைமன் சுந்தரராஜ், ஒரு தமிழர். மலையாளிகள் இதை மறக்கவில்லை. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை.

அடுத்த கோப்பைக்குப் பத்தொன்பது ஆண்டு காத்திருப்பு. அதிலும் கொடுமையானவை கடைசி ஆண்டுகள். 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நான்கு இறுதி ஆட்டங்களில் பஞ்சாப், வங்காளம், கோவா, மகாராஷ்டிரம் என்று ஆண்டுக்கொரு எதிரணியிடம் கேரளம் தோற்றது. தம் பத்து வயதில் தொடங்கிப் பதின்மூன்றில் முடிந்த இந்தத் தோல்விகளை, 1992இல் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என்று வி.பி. சத்யன் தலைமையில் வென்றதைவிட நுணுக்கமாக நினைவுகூர்வோர் உண்டென்றால் அதில் வியப்பில்லை. இடையில் ஆறுதலாக வந்தது கேரள போலீஸ் அணி. ஐ.எம். விஜயன், சத்யன், ஷரஃப் அலி, பாப்பச்சன் ஆடிய அந்த அணி 1990இல் திருச்சூரில் சால்கோகரை 2-1 என்றும், மறு ஆண்டு கண்ணூரில் மஹிந்திராவை 2-0 என்றும் வென்று பெடரேஷன் கோப்பையைத் தக்கவைத்தது. அணியின் துறைக்குத் தலைமையகம் திருவனந்தபுரம். கோப்பைகள் என்னவோ வடக்கேதான் கைக்கு வந்தன.

தொலைக்காட்சி வந்து உள்ளூர் கால்பந்தைக் கொன்றது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கால வரிசை அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1986 மெக்சிகோ உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இந்திய நேரப்படி இரவு பதினொன்றரைக்குத் தொடங்கியது. அர்ஜென்டினா வீரர் புருச்சாகாவின் வெற்றிக் கோல் விழும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அர்ஜென்டினாவுக்குக் கேரளத்தில் ரசிகர்கள் பிறந்த இரவு அது எனலாம். ஆனால் போலீஸ் அணி உச்சம் தொட்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். 1991இல் விஜயன் மோகன் பகானுக்குப் போனார். சிறந்த ஆட்டக்காரர்கள் கொல்கத்தாவை நோக்கி நகர்ந்தார்கள். துறை அணிகள் மெலிந்ததையும் தனியார் சேனல்கள் பெருகியதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரிவு விளங்கும்.

கிரிக்கெட்டின் கதை வேறு தினுசு. பல்கலைக்கழக மைதானத்தில் 1984இல் ஆஸ்திரேலியாவுடனான ஒருநாள் ஆட்டத்தை மழை கெடுத்தது. 1988 ஜனவரியில் ஸ்ரீகாந்த் 101 எடுத்தும், பில் சிம்மன்ஸின் ஆட்டமிழக்காத சதத்தால் மேற்கிந்தியத் தீவுகள் ஒன்பது விக்கெட்டில் வென்றது. அடுத்த சர்வதேச ஆட்டத்துக்கு 2017 வரை காத்திருப்பு. காரியவட்டம் மைதானத்தில் மழையால் அணிக்கு எட்டே ஓவர். அதே மைதானத்தில் 2016 ஜனவரி 3 அன்று ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா தெற்காசியக் கால்பந்துக் கோப்பையைக் கைப்பற்றியது. தம் ஊரில் தம் அணி கோப்பையைத் தூக்குவதைக் காணும் வாய்ப்பு அன்று கிடைத்தது. ஆனால் அது நடந்தது ஊருக்கு வெளியே, நடந்து போகும் தொலைவில் அல்ல.

என் வாதத்துக்கு அடங்காத பகுதி ஒன்று உண்டு: பொழியூரிலிருந்து எல்லை தாண்டிக் குமரி மாவட்டத்துத் தூத்தூர், இரவிபுத்தன்துறை வரை நீளும் மீனவர் கரை. 1949 வரை இது முழுக்கத் திருவிதாங்கூர், 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. மணலில் ஆடிப் பழகிய பிள்ளைகள் இன்று கேரள அணியிலும் தமிழக அணியிலும் ஆடுகிறார்கள், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை சென்ற மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். இங்கே இறுதி ஆட்டம் பக்கத்து வீட்டுப் பையனின் கதை. அதைச் சொல்ல வானொலி தேவைப்படுவதில்லை.

இளைய தலைமுறையின் நினைவு கைப்பேசிக்குள் சுருங்கியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் ரஞ்சி டிராபி கிரிக்கெட் அரையிறுதியில் குஜராத் பேட்ஸ்மேன் அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு ஸ்லிப்பில் நின்ற சச்சின் பேபியின் கைக்குப் போனது. முதல் இன்னிங்ஸில் பெற்ற இரண்டே ரன் முன்னிலையில் கேரளம் முதன்முறையாக இறுதிக்கு நுழைந்தது. ஐந்து நாள் ஆட்டத்தில் அந்தச் சில நொடிகளே ஆயிரம் முறை பகிரப்பட்டன. நாகபுரியில் நடந்த இறுதி ஆட்டம் டிராவில் முடிந்து, 379-க்கு 342 என்ற முதல் இன்னிங்ஸ் கணக்கில் விதர்பா கோப்பையை எடுத்துக்கொண்டது.