தூர் பிரித்த செடியும் தூர தேசத்துக் கிராமமும்: கனடாவின் செடி விற்பனைகள் குறித்த ஓர் ஆய்வு

விக்டோரியா நாள் விடுமுறை வந்துவிட்டால் உறைபனிக்கு இனி அஞ்ச வேண்டியதில்லை என்பது ஒன்டாரியோ தோட்டக்காரர்களின் நெடுநாள் கணக்கு. மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை வரும் அந்த விடுமுறையை ஒட்டித் தேவாலய வளாகங்களிலும் சமூகக் கூடங்களிலும் வீட்டு முற்றங்களிலும் செடி விற்பனை களைகட்டும். அதில் சேரும் பணத்தில் ஒரு பங்கு ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போகிறது. தொண்டு பற்றிய வரலாறுகள் இந்த விற்பனைகளை வசதியுள்ளவர்களின் இரக்கச் செயலாகக் கருதி ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. என் கருத்தில் இவற்றுக்குரிய இடம் வேறு. தம் பெயரில் ரொக்கம் புழங்காத நாட்டுப்புறப் பெண்கள், கைவசம் இருந்த விளைச்சலைக் கொண்டு பொதுவாழ்வில் தமக்கென ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்ட வரலாற்றின் ஒரு கிளையாகவே இந்த விற்பனையைப் படிக்க வேண்டும்.

விற்கப்படும் பொருளிலிருந்து தொடங்குவது நல்லது. ஹோஸ்டா, டேலிலி போன்ற பல்லாண்டுச் செடிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர் பிரிப்பது வழக்கம். பிரிக்காமல் விட்டால் தூர் நெருக்கியடித்துக்கொள்ளும்; டேலிலியில் பூ குறையும். ஏப்ரல் கடைசியில் ஹோஸ்டாவின் சுருண்ட முளைகள் மண்ணுக்கு மேலே கூராக எட்டிப் பார்க்கும்போது மண்வெட்டியால் தூரைத் தோண்டி எடுத்து, துண்டுக்கு இரண்டு மூன்று கண் இருக்கும்படி கத்தியால் வெட்டி, பழைய தொட்டிகளில் வைத்து, சில வாரம் நிழலில் விட்டால் விற்பனைக்குத் தயார். முதலீடு என்று சொல்ல மண்கலவையும் உழைப்பும்தான். ஆக, உபரி என்பது இங்கே செடியை நன்றாகப் பராமரிப்பதிலேயே பிறக்கிறது. யாரிடமும் காசு கேட்காமல் ஒரு பெண்ணால் அதைப் பெருக்க முடியும். ஒன்டாரியோவில் 1884ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை தந்தது. ஆனாலும் பண்ணையின் பெரிய வரவுகள் கணவன் கையில்தான் இருந்தன. வெண்ணெய், முட்டை விற்ற காசு மட்டும் வழக்கத்தால் மனைவியுடையது. செடிக்காசை அந்த முட்டைக்காசின் வழித்தோன்றலாகக் கொள்வதில் தவறில்லை.

இந்தக் காசுக்கு அமைப்பு வடிவம் கிடைத்த கதை 1897இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒன்டாரியோவின் ஸ்டோனி கிரீக் ஊரில், அடிலெய்ட் ஹூட்லெஸ் ஆற்றிய உரையை அடுத்து விமன்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற பெண்கள் சங்கம் முதன்முதலில் தோன்றியது. வீட்டு நிர்வாகமும் சுகாதாரமும் கற்பதே அப்போதைய நோக்கம். கனடாவில் இந்த இயக்கத்தில் பழகிய மேட்ஜ் வாட் அதை பிரிட்டனுக்குக் கொண்டுசேர்த்தார். 1915இல் வேல்ஸின் லான்வைர்புல்லில் அங்குள்ள முதல் சங்கம் பிறந்தது. நான்கே ஆண்டுகளில், 1919இல், இங்கிலாந்தின் லூயிஸ் நகரில் சங்கத்தின் முதல் சந்தை கூடியது. தோட்டத்தில் மிஞ்சியதை உறுப்பினர்கள் அங்கே ஒரே மேசையில் வைத்து விற்றார்கள். விற்ற காசு அவரவர்க்கே சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விலை வைப்பது, கணக்கு எழுதுவது, தரம் பார்ப்பது ஆகியவற்றைப் பெண்கள் கூட்டாகப் பழகியது தம் சொந்த வருமானத்துக்காக. பிறருக்குக் கொடுப்பது அதன் பிறகு வந்தது.

இந்தக் கட்டத்தை இங்கிலாந்தின் தேசியத் தோட்டத் திட்டத்தோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1927இல் தொடங்கிய அத்திட்டத்தில் 609 தோட்டங்கள் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் திறந்துவிடப்பட்டு, மாவட்டச் செவிலியர்களுக்காக 8,191 பவுண்டு திரண்டது. அருமையான பணி, ஐயமில்லை. ஆனால் அங்கே விலைபோனது பார்க்கும் உரிமை. தோட்டம் உடையவரிடமே தங்கியது. செடி விற்பனையில் செடியே கைமாறுகிறது. பெரிய தோட்டம் இல்லாதவரும் ஒரு தூரைக் கொண்டுவந்து கொடுப்பவராக நிற்கலாம்.

கடல் கடந்த பார்வை 1933இல் அமைப்பாக உருக்கொண்டது. ஸ்டாக்ஹோமில் பல நாட்டு நாட்டுப்புறப் பெண்கள் சங்கங்கள் ஒரே கூட்டமைப்பாக இணைந்தன. முதல் தலைவர் அதே மேட்ஜ் வாட். உறுப்பினர்கள் தரும் சில்லறைக் காசைத் திரட்டியே பன்னாட்டுப் பணிகளை நடத்தும் முறையைக் கூட்டமைப்பு வளர்த்தெடுத்தது. அடுத்த பெரிய திருப்பம் 1960 ஜூலையில் உலக உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கிய ‘பசியிலிருந்து விடுதலை’ இயக்கம். அதன் பின்னால் இருந்தவர் அமைப்பின் தலைமை இயக்குநரான இந்தியர் பி.ஆர். சென்; 1943 வங்கப் பஞ்சத்தின்போது நிவாரண நிர்வாகத்தில் இருந்தவர். பஞ்சம் வந்த பிறகு தானியம் அனுப்புவதோடு நில்லாமல், கிராமத்தின் விளைதிறனையே வளர்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதற்கும் அந்த அனுபவத்துக்கும் உறவுண்டு என்று கருத இடமுண்டு. கிணறு, விதை, பயிற்சி எனத் தனித்தனித் திட்டங்களாக உதவி பிரிந்ததும், ஒரு சிறிய ஊர்க்குழு திரட்டும் சிறு தொகைக்கும் உரிய இலக்கு கிடைத்தது. ஒரு தேசத்தின் பசியை ஒரு மேசைச் செடியால் தீர்க்க முடியாது. ஒரு கிராமத்துக்கு விதை வாங்க முடியும்.

கனடாவில் இந்த இழைகள் பின்னிச் சேர்ந்த ஆண்டு 2006. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய்க்கான ஐ.நா. சிறப்புத் தூதராக இருந்த ஸ்டீபன் லூயிஸின் அறக்கட்டளை, பிள்ளைகளைப் பறிகொடுத்துப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஆப்பிரிக்கப் பாட்டிமார்களோடு கனடாவின் பாட்டிமார்களை இணைக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. அந்த ஆகஸ்டில் டொரன்டோவில் சுமார் 100 ஆப்பிரிக்கப் பாட்டிகளும் 200 கனடியப் பாட்டிகளும் கூடினார்கள். பிறகு நாடெங்கும் பெருகிய குழுக்கள் பல வழிகளில் 4 கோடி டாலருக்கு மேல் திரட்டின. அந்த வழிகளில் வசந்தகாலச் செடி விற்பனையும் ஒன்று.

இக்குழுக்களில் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் செவிலியர்களும் நிறைய. அவர்களுக்கு ஓய்வூதியம் உண்டு, காசோலை எழுதத் தெரியும், பிறகு ஏன் இந்தப் பாடு என்ற கேள்வி நியாயமானதே. என் வாதத்துக்கு நேரெதிரான கேள்வியும்கூட. ஆனால் காசோலை எழுதுபவரின் பணம் மட்டுமே காசோலையில் வரும். தக்காளி நாற்று வாங்க வந்தவரிடமிருந்தும், நன்கொடை கேட்டால் தந்திருக்காதவரிடமிருந்தும் ஐந்து டாலர் பெறுவது விற்பனை ஒன்றினால்தான் முடியும். தொகை அற்பம் என்போருக்கும் பதில் உண்டு. கனடா அரசின் உதவியில் ஒரு பகுதி நெடுங்காலம் கனடியப் பொருட்களையே வாங்க வேண்டும் என்ற கட்டோடு போனது. அதை முழுமையாக நீக்குவதாக 2008இல்தான் அரசு அறிவித்தது. செடிக்காசுக்கு அப்படியொரு கட்டு இருந்ததில்லை.

கடினமான ஆட்சேபம் மண்ணிலிருந்து வருகிறது. பனியுகத்தில் பனிப்பாறை மூடிக் கிடந்த ஒன்டாரியோவின் காடுகள் மண்புழு இல்லாமலே வளர்ந்தவை. கிழக்காசியாவிலிருந்து வந்த துள்ளும் மண்புழு, உதிர்ந்த இலைப் படுகையைத் தின்று மேல்மண்ணைக் காப்பித்தூள் போலக் குருணையாக்கிவிடுகிறது. அதன் முட்டைக்கூடுகள் தொட்டி மண்ணில் கண்ணுக்குத் தப்பிப் பயணிக்கின்றன. தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குச் செடி மாறும் இந்த விற்பனையே அதற்கு வாகனமாகலாம் என்பதை மறுக்க முடியாது. இதனால் பல விற்பனைகள் இன்று வேரைக் கழுவி, வெறும் வேராகவோ புதுக் கலவையில் நட்டோதான் செடியை ஏற்கின்றன. வேலை இரட்டிப்பானாலும் இதில் சமரசம் கூடாது.

கொடுக்கும் கையே முடிவெடுக்கும் கையாகிவிடுகிறது என்பது மிச்சமிருக்கும் குற்றச்சாட்டு. 1960களின் இயக்கத்துக்கு இது பெருமளவு பொருந்தும். திட்டங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வகுக்கப்பட்டன. பாட்டிமார் இயக்கத்தில் பணம் உள்ளூர் அமைப்புகளுக்குப் போகிறது. பள்ளிக் கட்டணமா, உணவா, வீட்டு மருத்துவப் பராமரிப்பா என்பதை அந்த அமைப்புகளே தீர்மானிக்கின்றன. 2010 மே மாதம் சுவாசிலாந்தின் மன்சினியில் நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கப் பாட்டிகள் தம் மண்ணிலேயே மாநாடு கூட்டித் தம் கோரிக்கைகளை முன்வைத்தபோது, கனடியப் பாட்டிகள் ஒரு சிறு குழுவாக விருந்தினர் வரிசையில் இருந்தார்கள்.