பட்டினியும் ஒரு பரிவு

உணவிடுதல் அறம் என்றே நாம் கற்று வந்திருக்கிறோம். உணவை நிறுத்துவதும் அறமாகும் பொழுதுகள் உண்டென்பதைத் தங்கமீன் வளர்ப்பின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

சீனத்தில் தாங், சோங் பேரரசுக் காலங்களில், பிடிபட்ட மீன்களை விலைகொடுத்து வாங்கிக் குளங்களில் விடுவது பௌத்தர்களின் நோன்பாக இருந்தது. சாம்பல் நிறக் கெண்டையினத்தில் அரிதாகப் பிறக்கும் செம்பொன் நிற மீன்கள் அக்குளங்களில் அடைக்கலம் பெற்றன. ஆற்றில் எளிதில் இரையாகியிருக்கக்கூடிய அந்நிறம் கருணையால் பிழைத்தது எனலாம். 1162இல் முடிதுறந்த பேரரசர் காவ்சோங், ஹாங்சோ நகரில் தாம் ஓய்ந்து வாழ்ந்த தெஷோ அரண்மனையில் இம்மீன்களுக்கெனக் குளம் அமைத்தார். செல்வர்களும் அவரைப் பின்பற்றினர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த யுவே கெ என்னும் எழுத்தாளர், தம் குறிப்பு நூலில் ஹாங்சோவின் மீன் வளர்ப்போரைப் பற்றி எழுதியிருக்கிறார். மீனைப் பொன்னிறமாக்கும் வித்தையை அவர்கள் யாருக்கும் சொல்வதில்லையாம். கடைவீதிச் சாக்கடைகளில் கிடைக்கும் சிறு செம்புழுக்களை நூறு நாள் ஊட்டினால் எம்மீனும் நிறம் மாறும் என்று சிலர் கூறியதையும் அவர் பதிவு செய்கிறார். வூ சி என்னும் படைத்தலைவர் சிச்சுவானுக்குத் திரும்பியபோது, மூன்று பெரும் படகுகளில் ஏரி நீரை நிரப்பி மீன்களைக் கொண்டுசென்றார். உணவிட்டு வளர்க்கும் முறை ஹாங்சோ மக்களுக்கே தெரியும் என்பதால் அவர்களையும் உடன் அழைத்துச் சென்றாராம்.

பொன்னிறம் மரபுவழி வருவது; உணவால் பிறப்பதன்று என்பதை இன்று நாமறிவோம். ஆயினும் சிறு நீருயிர்களில் உள்ள நிறமிகள் மீனின் சிவப்பைச் செறிவாக்கும். ஆகவே அந்தப் பழஞ்செய்தி பாதி மெய். அதைவிட நாம் கருத வேண்டியது வேறொன்று. அத்தகைய நீருயிர்கள் வெயில் ஏறும்போது பெருகும், குளிரில் அருகும். குளத்து மீனுக்கு எப்போது உண்பது, எப்போது ஓய்வது என்பதைப் பருவமே வகுத்திருந்தது.

மிங் காலத்தில் தங்கமீன் குளத்திலிருந்து தொட்டிக்கு வந்தது. 1596இல் சாங் சியாந்தெ எழுதிய ‘சாதிலிங்க மீன் நூல்’ அந்த வளர்ப்பு முறையைப் பேசும் தனிநூலாகும். தொட்டிக்குள் இயற்கையின் கணக்கு செல்லாது. பருவமறிந்து ஊட்டும் பொறுப்பு முழுவதும் மனிதக் கைக்கு வந்துவிட்டது.

அந்தக் கை பிழைசெய்யும் இடம் குளிர்காலம். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே ஒத்திருக்கும். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. குடலிலேயே செரிமானம் நிகழ்கிறது. நீர் ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே இறங்கினால் அது மிகவும் மந்தமாகும். கழிவை மாற்றும் நுண்ணுயிர்களும் அப்போது சோர்ந்திருக்கும். நடுவே ஒருநாள் வெயிலடித்தால் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். இரக்கப்பட்டு இடும் ஒரு பிடி உணவு, இரவுக் குளிரில் செரியாமல் குடலில் தங்கித் தீங்கு செய்யும். உண்ணாமல் எஞ்சியதோ நீரைக் கெடுக்கும்.

உறைந்த குளத்தில் மீன் எப்படிப் பிழைக்கிறது? 4 பாகையில் நீர் மிகவும் அடர்ந்து அடியில் தங்குவதால் ஆழம் உறைவதில்லை. உயிர்வளி அற்றுப்போனாலும், தங்கமீன் தன்னுள் சேரும் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள்வழி வெளியேற்றிவிடும். அதற்குரிய நொதியம் எவ்வாறு தோன்றிற்று என்பதை 2017இல் ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினர். இதற்கு எரிபொருள், ஈரலில் சேமித்த கிளைகோஜன். எனவே இலையுதிர் காலத்தில் நன்றாக ஊட்டி, குளிர் தொடங்குகையில் கோதுமை முளை போன்ற எளிய உணவாகக் குறைத்து, பின் நிறுத்தி, வசந்தத்தில் சிறிது சிறிதாகத் தொடங்குவதே முறை. கோடையில் தாராளமாக இடலாம். ஆனால் வெந்நீரில் உயிர்வளி குறையும் என்பதை மறத்தலாகாது.

சென்னைக் கொளத்தூரில் தங்கமீன் வளர்ப்போருக்கு இந்தக் குளிர்க்கணக்கு வேண்டியதில்லை. அங்கே நீர் அவ்வளவு குளிர்வதில்லை. எனினும் கணக்கின் உட்பொருள் எவ்வூர்க்கும் பொது. மீன் வாய் திறப்பதை மட்டும் கண்டு ஊட்டுவது நம் மன நிறைவுக்கு. நீரைத் தொட்டறிந்து ஊட்டுவதே மீனுக்கு.