லண்டன் அச்சுக் கல்லூரி

அச்சுத்தொழிலையும் அதனைச் சார்ந்த வரைகலையையும் கற்பிக்கும் பொருட்டு லண்டன் மாநகரில் தனித்தனியே எழுந்த பாடசாலைகள் சில ஒன்றுசேர்ந்து உருவான ஸ்தாபனம். இதன் ஆரம்ப ஆண்டு 1893 என்பாரும் 1894 என்பாரும் உளர். சேர்ந்த பள்ளிகளுள் எதனை மூலமாகக் கொள்வது என்பதைப் பொறுத்தே இவ்வேறுபாடு எழுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை, பதினான்கு வயதளவில் அச்சகத்தில் சேர்ந்த சிறுவன் ஏழாண்டுகள் உடனிருந்து பழகியே தொழில் கற்பது இங்கிலாந்தின் சம்பிரதாயம். ஆயினும் அச்சகங்கள் பெருகி வேலைகள் கூறுகூறாகப் பிரிந்தபின், அச்சுக்கோப்பவனுக்கு யந்திரம் தெரியாமலும் யந்திரம் ஓட்டுபவனுக்கு எழுத்தின் இயல்பு புரியாமலும் போயிற்று. இக்குறையை நீக்க எழுந்தவையே மாலை வகுப்புகள். அவற்றுக்கு உதவிய பணத்தின் வரலாறு சுவையானது. மூடப்படும் மதுக்கடைகளின் சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடு அளிக்கும் நோக்கத்துடன் 1890-இல் விதிக்கப்பட்ட மதுவரி, அந்நோக்கம் எதிர்ப்பினால் கைவிடப்பட்டதால், செலவிட வழியின்றித் தேங்கி, முடிவில் தொழிற்கல்விக்கென மாவட்ட மன்றங்களுக்கு வழங்கப்பட்டது. மக்கள் இதனை ‘விஸ்கிப் பணம்’ என்றே அழைத்தனர்.

இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டனின் அச்சகத்தை அவருக்குப்பின் நடத்திய விங்கின் டி வோர்ட் என்பார் 1500-ஐ ஒட்டிக் குடியேறியது முதல் அச்சுக்குப் பெயர்பெற்ற ஃபிளீட் தெருவை ஒட்டி, புனித பிரைடு ஆலயத்தின் பழைய தர்ம நிதிகளைத் திரட்டி 1891-இல் புனித பிரைடு அறநிலையம் நிறுவப்பட்டது. அதன் கட்டடத்தில் அச்சுப் பள்ளியும் நூலகமும் மட்டுமன்றி, அக்கம்பக்கத்துத் தொழிலாளர் குளித்து மகிழ நீச்சற்குளம் ஒன்றும் இருந்தது. பிற்காலத்தில் அக்குளத்தின் மேல் தளமிட்டு நாடக அரங்கு அமைத்தனர். 1895-இல் திறக்கப்பட்ட நூலகத்துக்கு அடித்தளமாயிருந்தது, அச்சகம் நடத்தியவரும் காக்ஸ்டனின் வரலாற்றை ஆராய்ந்து எழுதியவருமான வில்லியம் பிளேட்ஸ் ஆயுள் முழுதும் சேர்த்த புத்தகத் தொகுதியாகும். எழுத்து வார்ப்பவராகவும், பள்ளிச் சிறுவர் கதைகள் எழுதிப் பிரசித்தி பெற்றவராகவும் விளங்கிய டால்பட் பெயின்ஸ் ரீடின் நூல்களும் பின்னர் இதனுடன் சேர்ந்தன.

இத்தகைய வகுப்புகளுக்கு வந்தவர் பெரும்பாலும் பகல் முழுவதும் அச்சகத்தில் உழைத்த இளைஞரே. தொழிலில் இல்லாதாரைச் சேர்த்துக் கூலியைக் குறைத்துவிடலாகாது என்பதில் தொழிற்சங்கங்கள் கண்டிப்பாயிருந்தன. இடக்கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைப் பிடித்து, வலக்கையால் எழுத்துப் பெட்டியான கேஸிலிருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாய் எடுத்துத் தலைகீழாக நிறுத்தி, இடமிருந்து வலமாகவே படித்துக் கோப்பதும், b, d, p, q என்னும் நான்கையும் மயங்காமல் பிரித்தறிவதும், வரியின் இடைவெளிகளைக் கண்ணுக்கு உறுத்தாவண்ணம் பகிர்ந்து, கோத்த எழுத்துகளைச் சட்டத்துள் அடக்கிய பாரத்தை இறுக்கி முடுக்குவதும் மாணவன் பெறவேண்டிய அப்பியாசங்கள். நன்றாக முடுக்கிய பாரத்தைத் தூக்கினால் ஓர் எழுத்தும் உதிராது. இதைவிட நேர்மையான பரீட்சை வேறு இருப்பது அரிது.

அகராதி இயற்றிய சாமுவேல் ஜான்சன் தம் இறுதி நாட்களைக் கழித்த போல்ட் கோர்ட் சந்தில் நடைபெற்ற மற்றொரு பள்ளி, படங்களை அச்சிட உதவும் பிளாக் செய்தலையும் கல்லச்சையும் கற்பித்தது. 1896-இல் தோன்றிய மத்தியக் கலைப் பள்ளியோ எழுத்தின் அழகில் கருத்தைச் செலுத்தியது; அங்கு எட்வர்டு ஜான்ஸ்டன் 1899 முதல் எழுத்தணி வகுப்பு நடத்தினார், பின்னாளில் எழுத்துருக்கள் படைத்த எரிக் கில் அவரிடம் பயின்றார். ஒரே நகரில் தொழில் ஒரு கூரையின்கீழும் வடிவமைப்பு வேறொரு கூரையின்கீழும் வளர்ந்த இந்நிலை நெடுங்காலம் நீடித்தது.

1922-இல் லண்டன் மாவட்ட மன்றம் புனித பிரைடு பள்ளியை ஏற்று ஸ்டாம்ஃபோர்டு தெருவுக்கு மாற்றியது. 1949-இல் போல்ட் கோர்ட் பள்ளி இதனுடன் இணைந்தது. 1960-இல் ‘லண்டன் அச்சுக் கல்லூரி’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. அப்பத்தாண்டின் முற்பகுதியிலேயே எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் எழுந்த புதிய கட்டடத்துக்குக் கல்லூரி குடிபெயர்ந்தது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் தொழிற்சாலை விபத்துத் தடுப்புச் சுவரொட்டிகள் வரைந்து புகழ்பெற்ற டாம் எக்கர்ஸ்லி, 1950-களின் பிற்பகுதி முதல் 1977 வரை வரைகலைத் துறையின் தலைவராயிருந்தார். சுவரொட்டி வரைபவன் அது அச்சாகும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் கொள்கைக்கு, வரைமேசையும் யந்திரசாலையும் ஒரே கட்டடத்தில் அமைந்த அக்கல்லூரி ஏற்ற களமாயிற்று. இக்கலைச்சூழலில் கட்டுப்பாடு முற்றிலும் தளர்ந்திருந்ததாக எண்ணுவதற்கில்லை: 1976 முதல் 1979 வரை அங்கே பயின்று பின்னர் உலகப்புகழ் பெற்ற வரைகலைஞர் நெவில் பிராடி, தபால்தலை வடிவமைப்பொன்றில் ராணியின் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்ததற்காகக் கல்லூரியிலிருந்து விலக்கப்படும் நிலையை எட்டினார் என்று சொல்லப்படுகிறது.

1986-இல் இக்கல்லூரி, கலைக் கல்லூரிகளின் கூட்டமைப்பான லண்டன் இன்ஸ்டிடியூட்டின் உறுப்பாயிற்று. கணினியின் வரவால் அச்சுக்கோப்பும் பிளாக் தயாரிப்பும் தனித்தொழில்களாக நிலைபெற முடியாமற்போக, 2004-இல் ‘லண்டன் தகவல்தொடர்புக் கல்லூரி’ என்று பெயர் மாற்றப்பட்டது. ‘அச்சு’ என்ற சொல்லை அறவே நீக்கியது அவசியந்தானா என்பது ஐயத்துக்குரியதே. ஈய எழுத்தைக் கோத்து அச்சடிக்கும் பட்டறை அதன்பின்னும் அங்கு நடைபெற்று வந்துள்ளது.