பிளேசிங் சாடில்ஸ் - ஜோக் இல்லீங்க, நிஜம்!

கௌபாய் படம்னா என்ன ஞாபகம் வருது? புழுதி, குதிரை, இடுப்புல துப்பாக்கி, வாயில சுருட்டு, தொப்பிக்குக் கீழே ஒரு வெள்ளைக்கார முகம். இதுல கடைசி ஐட்டத்தை மட்டும் மாத்திப் போட்டு மெல் புரூக்ஸ் 1974-ல் எடுத்த காமெடிதான் 'பிளேசிங் சாடில்ஸ்'.

கதை நடப்பது 1874-ல். ரயில் பாதை போடுற வழியில புதைமணல். பாதையைத் திருப்பினா ராக் ரிட்ஜ் என்ற ஊர் வழியாத்தான் போகணும். நிலத்தோட விலை எகிறிடுமே! ஊரைச் சுருட்டப் பார்க்கிற வில்லன் ஹெட்லி லமார் ஒரு ஐடியா பண்றான். ஒரு கறுப்பரை ஷெரிஃபா அனுப்பினா, ஊர் ஜனம் ஒண்ணு ஓடிப்போகும், இல்லே அவரைக் கொன்னுடும். தூக்குக்குக் காத்திருக்கும் ரயில் கூலி பார்ட் அப்படித்தான் ஷெரிஃப் ஆகிறார். மேளதாளத்தோட வரவேற்கக் காத்திருந்த ஊர், அவர் முகத்தைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தூக்குது. பார்ட் என்ன பண்றார் தெரியுமா? தன் கழுத்துலயே துப்பாக்கியை வெச்சு, தன்னைத்தானே பணயக்கைதியா பிடிச்சுக்கிட்டுத் தப்பிக்கிறார் :-)

பார்ட் ரோலுக்கு புரூக்ஸ் கேட்டது ரிச்சர்ட் பிரையரை. திரைக்கதை எழுதிய ஐந்து பேரில் அவரும் ஒருத்தர். வார்னர் பிரதர்ஸ் ஒத்துக்கலை. அதனால கிளீவன் லிட்டில் நடிச்சார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கறுப்பு ஷெரிஃப் என்பது நடக்கவே முடியாத ஒண்ணு, அதனாலதான் சிரிப்பு வருதுன்னு தோணும். ஆனா வரலாறு வேற மாதிரி இருக்கு.

அன்றைய கௌபாய்களில் நாலுல ஒருத்தர் கறுப்பர்னு வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிடுறாங்க. காரணம் சிம்பிள். டெக்சாஸ் பண்ணைகளில் மாடு மேய்ச்சவங்களில் நிறைய பேர் அடிமைகள். உள்நாட்டுப் போருக்கு முதலாளிகள் கிளம்பிப் போனப்போ மந்தையைக் கட்டிக் காத்ததும் அவங்கதான். 1865-ல் விடுதலை கிடைச்சப்போ அந்தத் தொழில் அவங்களுக்கு அத்துப்படி. மந்தைகளை வடக்கே ரயிலடி வரைக்கும் ஓட்டிட்டுப் போக ஆள் தேவைப்பட்டப்போ கூலி வாங்கிக்கிட்டுப் போனாங்க.

ஷெரிஃப் மேட்டருக்கு வருவோம். பாஸ் ரீவ்ஸ்னு ஒருத்தர். 1838-ல் ஆர்கன்சாவில் அடிமையா பிறந்தவர். போர்க்காலத்தில் செவ்விந்தியர் பிரதேசத்துக்கு (இன்றைய ஓக்லஹோமா) தப்பி ஓடி, அவங்க மொழிகளைக் கத்துக்கிட்டார். 1875-ல் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றம் அவரை அமெரிக்க துணை மார்ஷலா நியமிச்சது. அதாவது படக்கதை நடக்கிற வருஷத்துக்கு அடுத்த வருஷம்! எழுதப் படிக்கத் தெரியாது. வாரண்டுகளை யாராவது படிச்சுக் காட்ட, மனப்பாடம் பண்ணிக்கிட்டுக் கிளம்புவார். 32 வருஷ சர்வீஸ், மூவாயிரத்துக்கும் மேல கைதுகள். மனைவியைக் கொன்ன தன் சொந்த மகனையும் அவரே போய்க் கைது பண்ணினார்.

இவரோட கதையை நூறு வெஸ்டர்ன் படமா எடுத்திருக்க வேண்டாமா? 1907-ல் ஓக்லஹோமா தனி மாநிலம் ஆச்சு. புது சட்டமன்றத்தின் முதல் மசோதாவே ரயிலில் கறுப்பர்களுக்குத் தனிப்பெட்டி. ரீவ்ஸின் மார்ஷல் வேலையும் அந்த வருஷத்தோட முடிஞ்சது. கொஞ்ச காலம் மஸ்கோகி நகர போலீஸில் இருந்துட்டு 1910-ல் இறந்துபோனார். அப்புறம் வந்த ஹாலிவுட் வெஸ்டர்ன்களில் கறுப்பர்களுக்குக் கிடைச்சது பெரும்பாலும் சமையல்காரர், எடுபிடி வேஷம்தான்.

ரயில் பாதையும் இதே கதைதான். கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கே பாதை போட்டதில் ஆயிரக்கணக்கான சீனர்கள் உழைச்சாங்க. 1869 மே 10 அன்று ரெண்டு பாதையும் இணைஞ்சப்போ எடுத்த பிரபலமான போட்டோவில் அவங்களைத் தேடிப் பாருங்க, கண்ணுல படமாட்டாங்க. 1882-ல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரவே தடைச் சட்டம். புரூக்ஸ் படத்தின் முதல் காட்சியிலேயே சீனக் கூலி ஒருத்தர் வெயில்ல சுருண்டு விழறார். அடுத்து, தள்ளுவண்டியோட பார்ட்டும் அவர் நண்பரும் புதைமணலில் மாட்டுறாங்க. மேஸ்திரிகள் கயிறு போட்டு வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க, ஆளுங்களை விட்டுட்டு! சிரிச்சு முடிச்சப்புறம் தொண்டையில ஏதோ மாட்டின மாதிரி இருக்கும்.

என்னைக் கேட்டா, சீரியஸா எடுத்த வெஸ்டர்ன்களில் பாதிக்கு மேல ஃபேண்டஸி. வாயுத்தொல்லை காமெடி வெச்ச இந்தப் படம்தான் உண்மைக்குப் பக்கத்தில் நிக்குது. கறுப்பு ஷெரிஃப் நமக்கு ஜோக்கா தெரியுதுன்னா, ரீவ்ஸ் மாதிரி ஆட்களை எவ்வளவு சுத்தமா அழிச்சிருக்காங்கன்னு பார்த்துக்கோங்க. 2006-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படத்தைச் சேர்த்தாங்க. நியாயமான மரியாதை.

டிஸ்கி: படத்தில் நிறவெறி வசவு வார்த்தை ஏகப்பட்ட தடவை வரும். பேசுறவன் எவ்வளவு முட்டாள்னு காட்டத்தான் வெச்சிருக்காங்க. ஆனாலும் குழந்தைகளை வெச்சுக்கிட்டுப் பார்க்காதீங்க மக்களே!